திருச்சி – கொழும்பு, ஒரு மணி நேரம்

செப். 3, செவ்வாய்
காலையிலிருந்து மூட்டம். துணி காயவில்லை. தேயிலைக் கொழுந்து வரத்து குறைவு. ஃபேக்டரி ஆபீஸில் நாலு மணிக்கே வேலை முடிந்தது.

இலங்கை ஹட்டனிலிருந்து பெரியம்மா மகன் போன். பெரியம்மா சாப்பிடுவதில்லையாம், அம்மாவையே கேட்கிறாளாம். "வாறதுன்னா இப்பவே வாங்க."

அம்மா பதினாலு வயதில் தன் அப்பாவோடு இந்தியா வந்தவள். கல்யாணமான அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். ஐம்பது வருஷம். பார்த்துக்கொண்டதே இல்லை.

கோவையில் இருக்கும் அண்ணனிடம் சொன்னேன். போனில் தேடிப் படித்தான். "திருச்சி டு கொழும்பு நானூறு கிலோமீட்டர் சொச்சம். ஒரு மணி நேரம். இதுக்கு ஏன் பதறுற? தீவாளி லீவுல நானே கூட்டிட்டுப் போறேன்."

நாலு வருஷமாக இதே தீபாவளி. எனக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தான். அதோடு கடமை முடிந்தது துரைக்கு.

செப். 8, ஞாயிறு
அண்ணன் குடும்பத்தோடு வந்தான். கோவையிலிருந்து கீழ் கோத்தகிரி வர மூணு மணி நேரமாம், அலுப்பாம். அம்மா வீட்டுக்கு வருவதுதான் அலுப்பு.

"எப்பப்பா போறது?" என்றாள் அம்மா.

மேப்பைக் காட்டினான். "பாரும்மா. விரல் வெச்சா மறஞ்சிரும், அவ்வளவுதான் தூரம்."

"இதுல அக்கா எங்க இருக்கா?"

"அங்க ஏர்போர்ட் இல்லம்மா."

மூட்டத்தைப் போட்டோ எடுத்தான். கிளம்பிவிட்டான்.

செப். 9, திங்கள்
உண்மைக் கணக்கு:
கோத்தகிரி வரை பஸ் – 1 மணி
மே.பாளையம் வழி கோவை – 3
கோவை–திருச்சி – 5
ஏர்போர்ட்டில் காத்துக் கிடப்பது – 3
பறப்பது – 1
கொழும்பு–ஹட்டன் வேன் – 5
ஆக 18. அண்ணன் படித்தது அதில் ஒன்று.

மேனேஜரிடம் லீவு கேட்டேன். "போய்ட்டு வாங்க, இதுக்கென்னங்க" என்றார். எழுதிக்கொடுக்க நாலு நிமிஷம் ஆனது. நாலு வருஷமாக அவனைத் திட்டியதைத் தவிர நான் என்ன கிழித்தேன்? நானும் அதே ரகம்.

செப். 12, வியாழன்
திருச்சியில் வெயில். விமானத்தில் பின்சீட்டுக்காரர் வழிநெடுக முனகல்: "ஒரு டீ கூட உருப்படியா இல்ல." ஐம்பது வருஷம் காத்திருந்தவள் முன்சீட்டில் அதே டீயைச் சொட்டு விடாமல் குடித்தாள்.

அம்மா ஜன்னலோரம். "கடல் வந்தா சொல்லு."

"தாண்டிட்டோம்மா."

"அவ்வளவுதானா?" என்றாள். அவள் வந்தபோது கப்பல், ரயில், ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் கேம்ப். நாலு நாளோ ஐந்து நாளோ, சரியாக நினைவில்லையாம்.

செப். 13, வெள்ளி
ஹட்டன். மழை. இங்கேயும் தேயிலை, இங்கேயும் லயத்து வரிசை வீடு, இங்கேயும் தகரம் ஒழுகுகிறது.

பெரியம்மா கட்டிலில், எலும்பும் தோலுமாக. அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு இந்தக் கெழவி? தங்கச்சி வரல்லியா?"

"இதுதாம்மா சித்தி" என்றான் மகன்.

"போடா. அவளுக்கு ரெட்டச் சடை."

அண்ணனிடமிருந்து எனக்கு போன் வந்தது. எடுக்கவில்லை.

அம்மா கட்டில் ஓரமாக முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முழு நரை.

பெரியம்மா எட்டி அந்த நரையைத் தொட்டாள். பிறகு விரலால் வகிடு எடுக்க ஆரம்பித்தாள். வகிடு கோணல்.

"தலய ஆட்டாத புள்ள" என்றாள்.