கழற்ற முடியாத சிம்

ஜூலை 7, திங்கள்

நம்பரை இ-சிம்முக்கு மாற்றியாயிற்று. என் போனில் ஒரு சிம் போடத்தான் இடம். மலேசியா போனதும் அதில் அந்த ஊர் சிம்மைப் போட்டுக்கொள்ளலாம், நம் நம்பரும் உள்ளேயே இருக்கும் என்று ஏஜென்ட் ஹரிஷ்குமார் சொன்ன யோசனை. "விசா ஓடிபி இந்த நம்பருக்குத்தான் வரும் நாகஜோதி, பத்திரம்" என்றார்.

அங்கே பேக்கிங் வேலை. பட்டாசு மருந்து கிடையாது, பவுடர் கிடையாது. நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் பட்டாசுக் கம்பெனி கேட்டில், சிம்மைக் கழற்றி முந்தானையில் முடிந்த பிறகுதான் போனைப் பெட்டியில் போட விடுவார்கள். மணி அடித்தால் பொறி பறக்குமாம். வாட்ச்மேன் அய்யாதுரை, "சிம்மக் காட்டு தாயி" என்றார். போனுக்கு உள்ளேயே இருக்கிறது, கழற்ற முடியாது என்றேன். "என்னைய என்ன கேனைன்னு நெனச்சியா?" இன்று அதிகாரிகள் சோதனை வேறு. பின்னால் வரிசை நின்று கத்துகிறது. செட்டிங்ஸில் 'சிம்மை நீக்கு' என்று இருந்தது. கழற்றுவது என்றால் அதுதானே? அமுக்கிவிட்டேன். சாயங்காலம் திரும்பப் போடலாம் என்று பார்த்தால் — போட என்ன இருக்கிறது? நம்பரே அழிந்துபோயிற்று.

ஜூலை 10, வியாழன்

சிவகாசியில் போன் கம்பெனி ஷோரூம். நம்பரைத் திரும்ப வாங்க ஓடிபி வேண்டுமாம். எந்த நம்பருக்கு வரும்? செத்துப்போன அதே நம்பருக்கு! இல்லாவிட்டால் கைரேகை. பத்து விரலையும் வைத்தேன். "என்னக்கா, ஒங்க விரல்ல கோடே இல்ல" என்றாள் கவுன்ட்டர் பெண். எப்படி இருக்கும்? எட்டாவது முடித்ததிலிருந்து பட்டாசு மருந்தில் கிடக்கிற கை.

ஜூலை 12, சனி

எலுமிச்சை, தேங்காயெண்ணெய் எல்லாம் தேய்த்தாயிற்று. மெஷினில் ரேகை விழவில்லை.

ஜூலை 14, திங்கள்

வேறு நம்பர் கொடுக்கிறேன் என்றால், மனு போய்விட்டது, மாற்ற முடியாது என்கிறார் ஹரிஷ்குமார். "மாசக் கடைசிக்குள்ள ஓடிபி வரலைன்னா வேற ஆளப் போட்ருவாங்கம்மா." மருந்தைத் தொடாமல் இருந்தால் ரேகை வரலாம். போர்மேன் பாண்டியிடம் லீவு கேட்டேன். "சீசன்ல லீவா? அப்ப அப்படியே நின்னுக்க."

நின்னுட்டேன். போங்கடா.

அம்மா திட்டிக்கொண்டே இருக்கிறாள். "இங்கன இருக்கிறதயும் விட்டுட்டு என்ன பண்ணப் போற?" எனக்கு மட்டும் தெரியுமா? அம்மா கையும் பட்டாசுப் பவுடர் ஏறிய வெள்ளிதான், அவளாவது புரிஞ்சுக்கக் கூடாதா?

ஜூலை 22, செவ்வாய்

விரலில் தோல் உரிகிறது. விழவில்லை.

ஜூலை 30, புதன்

மறுபடியும் இல்லை. ஷோரூம் வாசலிலேயே அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விழுந்தது! ரேகை மெஷினில் பச்சை விளக்கு. நம்பர் வந்துவிட்டது. உடனே ஹரிஷ்குமாருக்குப் பேசினேன். "சனிக்கிழமையே வேற பொண்ணப் போட்டாச்சும்மா. அடுத்த தடவை பார்ப்போம்." அடுத்த தடவை எப்போது என்று அவருக்கே தெரியாது. யாரைத் திட்ட? அய்யாதுரையையா, என்னையா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திரும்ப வாங்கிய நம்பருக்கு முதல் அழைப்பு. போர்மேன் பாண்டி. "ஆள் பத்தல, நாளைக்கே வந்துரு. கோவத்துல சொன்னத மனசுல வைக்காத."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அடுப்படி வரை கேட்டது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா போனை வாங்கினாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, எம் புள்ளைக்கு இப்பத்தான் வெரல்ல ரேக வந்திருக்கு. அவ இனி அங்கன வரமாட்டா" என்று சொல்லி வைத்துவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டாள்.