பாக்கெட் வைத்த நீச்சல் டவுசர்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது, நானும் அம்மாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி, சண்டையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வரி சொன்னால் அம்மா பின்னாலிருந்து இரண்டு வரி திருத்துகிறாள், முழுசாகச் சொல்ல எனக்குக் காகிதம்தான் தோது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள், பள்ளிக்கூடத்தில் நான் பெஞ்சில் உட்கார்ந்ததைவிட அதன்மேல் நின்றதுதான் அதிகம். அம்மாவுக்கு என்னைப் பார்க்க ஆசையே இல்லையா, எப்போது இங்கே வரச் சொல்லிக் கூப்பிட்டாலும் தையல் கடையைச் சாக்குச் சொல்கிறாளே என்று போன தடவை என்னிடம் கேட்டாயே, உன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டதே, அதற்குப் பதில்தான் இது. ஆனால் என் முதுகிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் விளங்கும்.

நீ விரட்டி விரட்டிச் சொன்னதால் முதுகு டாக்டரைப் பார்த்தேன். காலமெல்லாம் மெஷின்மேல் குனிந்தே கிடந்ததில் முதுகு கேள்விக்குறி மாதிரி ஆகிவிட்டது, மாத்திரையை மட்டும் நம்பாமல் தண்ணீருக்குள் நின்று உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே அதற்கென்று ஒரு குளம், மார்பளவுத் தண்ணீர், வெதுவெதுப்பாக இருக்கும், இறங்கக் கைப்பிடி வைத்த படி. நீச்சல் டவுசர் கொண்டு வரச் சொன்னார்கள். ஊருக்கெல்லாம் தைக்கிறவன் கடையில் போய் டவுசர் வாங்குவதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டுக்கு வெட்டியதில் மிச்சமிருந்த நல்ல கெட்டித் துணியில் நானே தைத்தேன், தாராளமாக, முன்னால் இரண்டு பாக்கெட், பின்னால் பட்டன் வைத்து ஒன்று. அம்மா பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, தண்ணிக்குள்ள பாக்கெட்ல என்னத்தைப் போடப் போறீங்க, மீனையா என்று கேட்டாள். பாக்கெட் இல்லாத டவுசர் என் கையைவிட்டுப் போனதில்லை என்று ஜம்பமாகச் சொன்னேன். இறங்கிய நிமிஷமே காற்று உள்ளே மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் பந்து கட்டின மாதிரி உப்பிவிட்டது, கால் தரையில் பாவவில்லை, பின்பக்கம் மேலே வர முகம் கீழே போகிறது. சொல்லிக்கொடுக்கிற பெண் உன் வயசுதான் இருப்பாள், ஓடிவந்து பிடித்து, ஐயா காத்தை அமுக்கி வெளிய விடுங்க என்றாள். அமுக்கினேன். அது போட்ட சத்தத்தை உனக்கு எழுத முடியாது, எதிரில் நின்ற ரிட்டையர்டு டீச்சரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏறும்போது பாக்கெட் நிறையத் தண்ணீர், டவுசர் கீழே இழுக்கிறது, மானத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து அங்கே எனக்குப் பலூன் சார் என்று பெயர்.

ஆனால் பாப்பா, சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், காற்றெல்லாம் போன பிறகு தண்ணீரில் நின்றேனே, இத்தனை வருஷமாக முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தவன் சத்தமில்லாமல் இறங்கிப் போன மாதிரி இருந்தது. கையைத் தண்ணீருக்குள் தள்ளுவதும் இழுப்பதும், நின்ற இடத்தில் நடப்பதும்தான் பயிற்சி. வலி போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், முன்பு வீட்டுக்காரன் மாதிரி இருந்த வலி இப்போது விருந்தாளி மாதிரி வந்து போகிறது. நடுநடுவே எழுந்து நடந்தால் ஒரு சட்டையை முடிக்கிற வரை மெஷினில் உட்கார முடிகிறது.

அம்மா தினமும் கூடவே வந்து துண்டை மடியில் வைத்துக்கொண்டு கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லி, ஆடாமலிருக்க எதையாவது நேராகப் பாருங்கள் என்றாள் அந்தப் பெண். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். துண்டுக்கு அடியில் இரண்டு கையும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. எழும்போது பெஞ்சைப் பிடித்துப் பாதி எழுந்து, நின்று, உதட்டைக் கடித்து, அப்புறம் மீதி எழுந்தாள். வீட்டில் கேட்டால் கால் மரத்துப்போச்சு, வேறொண்ணுமில்ல என்றாள். நான் விடவில்லை. கடைசியில் சொன்னாள், பாப்பா வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்ல, அவ முன்னால நடுவழியில நான் உக்காந்துட்டா அவ மனசு என்ன பாடுபடும், அதான் கடையச் சொன்னேன் என்று. டாக்டர் அவள் முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நீங்களும் குளத்தில் இறங்குங்கள் என்றார். இவள் அசையவில்லை. நாலு பேர் முன்னால உடம்போட ஒட்டுற அந்த நீச்சல் துணிய என்னால போட முடியாது, எனக்கு வலியே தேவல என்றுவிட்டாள்.

என் முட்டாள் டவுசர் அப்போதுதான் உதவிக்கு வந்தது. தண்ணீருக்கு எந்தத் துணி ஆகாது என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாதே. தண்ணீரைப் பிடித்து வைக்காத மெல்லிய துணியாகத் தேடி வாங்கி அவளுக்குத் தைத்தேன், உடம்பு தெரியாமலிருக்கக் கருநீலம், முழுக்கை, கணுக்கால் வரை கால்சட்டை, காற்று போக ஓரமெல்லாம் சின்னத் திறப்பு, சத்தியமாக ஒரு பாக்கெட்கூட இல்லை. தைத்ததைப் பக்கெட்டில் முக்கி முக்கிப் பார்த்தேன். யாரைக் குளிப்பாட்டுறீங்க என்று எட்டிப்பார்த்தவள் அதை வாங்கித் தோளில் வைத்து அளவு பார்த்தாள். கை கொஞ்சம் நீளம் என்று குறை சொன்னாள், சொல்லாவிட்டால்தான் நான் பயந்திருப்பேன்.

நேற்று இறங்கினாள் பாப்பா. படியில் என் கை நசுங்குகிற மாதிரி பிடித்திருந்தாள். முதலில் அசையாமல் நின்றாள், அப்புறம் நடந்தாள், அப்புறம் யாரும் சொல்லாமலே இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி குதித்தாள். என்னடி இது என்றேன். வலிக்கலங்க என்றாள், இன்னொரு தடவை குதித்தாள். டீச்சரம்மா கை தட்டினார். என் முகத்தில் தண்ணீர் தெறித்தது, துடைத்துக்கொண்டேன், எல்லாம் குளத்துத் தண்ணீர்தான். இதனால் முழங்கால் புதிதாகிவிடாது, விடாமல் வந்தால் படி ஏறத் தெம்பு வரும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

நீயும் கம்ப்யூட்டர் முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்காராதே, நடுவில் எழுந்து நட, என் முதுகு உனக்குச் சொத்தாக வர வேண்டாம். இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல், மனசு கோணாமல் நீண்ட நாள் வாழுங்கள். மறக்காமல் ஒன்று செய். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள், உன் வீட்டு மாடிப்படியில் கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதச் சொல்லி. பார்த்து உடனே எழுது.

இப்படிக்கு, ஆசிகளுடன்,
உன் அப்பா (பலூன் சார்)