வராத இடிக்கு அரைப்பேர்

மாரியம்மன் துணை

கொட்டகலை,
24-4-1955

அன்பு மகன் அழகுமுத்துவுக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி நாகலெட்சுமியும் ஆத்தாள் புண்ணியத்தில் நல்ல சுகம், மட்டக்களப்புக் கடற்கரையில் நீயும் நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகமாய் இருக்க அவளையே வேண்டிக்கொள்கிறோம். வருஷப்பிறப்புக்கு நீ வரவில்லை என்று அம்மாவுக்கு மனத்தாங்கல், உன் பங்குப் பாயசத்தையும் நானே குடித்துவிட்டேன் என்று அதற்கு மேல் ஒரு கோபம். தங்கச்சிக்கு இருமல் விட்டுவிட்டது. நீ அனுப்பின கருவாடு வந்து சேர்ந்தது, லயத்து வீடுகள் முழுக்க மணத்து, பங்கு கேட்டு வராத ஆள் இல்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. காலையிலேயே புழுங்கித் தள்ளுகிற நாளில், கடல்காற்றும் கரைக்காற்றும் முட்டிக்கொள்கிற இடத்தில் மேகம் மேலே மேலே எழும்பி, அதன் தலை கொல்லன் பட்டடை போலத் தட்டையாய் விரிந்தால் பெரிய இடிமழை வரலாம், அந்த மேகத்தின் அடிவயிறு தாழ்ந்து சுற்ற ஆரம்பித்தால் சுழல்காற்றும் இறங்கலாம் என்று எழுதியிருந்தாயே, அதை மனப்பாடமே பண்ணிவிட்டேன். மத்தியானம் ஆனால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறேன், போன வாரம் அப்படியே தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து முழங்கால் மட்டும் சேறு. வானத்தை அளக்கிறவருக்குக் காலடியில் கான் தெரியவில்லை என்று உன் அம்மா மலை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும், எனக்கு இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. பாதிரியார் உன் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருக்கிற கருவி காற்றின் பாரத்தைக் காட்டும் என்கிறாய், தேயிலைக் கொழுந்துக் கூடையின் பாரம் முதுகுக்குத் தெரிகிறது, தலைக்கு மேலே இருக்கிற இத்தனை காற்றின் பாரம் ஏன் தெரியவில்லை? பெரும்புயலுக்கு அந்த முள் இறங்கும் என்றாய், சாதாரண இடிமழைக்கும் இறங்குமா, இல்லை அதற்கு மேகத்தைத்தான் நம்ப வேண்டுமா? கடல் மேல் சுழல்காற்று இறங்கினால் தும்பிக்கை மாதிரி தண்ணீரைத் தூக்குமாமே, அதில் மீனும் போகுமா? பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் மூன்று மரக்கால் மழை என்று போட்டிருக்கிறான், எந்த மலையில் எந்த நாளில் என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. நீ இன்று பின்னேரம், இந்தக் கரையில் என்கிறாய், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆனால் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தாயே, அதுதான் முள்ளாய்க் குத்துகிறது. போன மாதம் இரண்டு தடவை சிவப்புக் கொடி ஏற்றி வள்ளங்களைக் கடலுக்குப் போகாமல் நிறுத்தினாய், இரண்டு தடவையும் மேகம் வேறு பக்கம் போய்விட்டது, உன் கொடித்துணியால் எங்கள் அடுப்பு எரியவில்லை என்று வள்ளக்காரர் கந்தப்பன் பிள்ளைகள் முன்னாலேயே உன்னை ஏசினார், இனிமேல் கொடி ஏற்ற மாட்டேன், வருவது வரட்டும் என்று எழுதியிருந்தாய். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் தாமதித்தேன். இப்போது இங்கே ஒன்று நடந்துவிட்டது.

போன புதன்கிழமை நான் கங்காணியாய் வேலை வாங்குகிற பிரட்டுப் பொம்பிளைகள் அஞ்சாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு மலைக்குப் பின்னால் ஒரு மேகம் எழும்பியது, பார்க்கப் பார்க்க உச்சி தட்டையாகி விரிந்தது, நீ எழுதினபடியே இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. இடிச்சத்தம் இன்னும் கேட்கவில்லை, ஆனாலும் கூடையை எடுங்கள், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்குவோம் என்று கூப்பிட்டுவிட்டேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ராக்காயிதான் ஆகப் பெரிதாய் முணுமுணுத்தாள், மேகம் இவரு மகன்கிட்ட சொல்லிட்டுத்தான் வருதாக்கும் என்றாள், எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். மடுவத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம். மேகம் ராகலைப் பக்கம் நகர்ந்து அங்கே உறுமிவிட்டுப் போய்விட்டது, எங்களுக்குப் பளீரென்று வெயில் அடித்தது. அந்த நேரம் பார்த்து மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்தார். கங்காணிக்கு ஜோசியமும் தெரியுமோ என்று கேட்டுவிட்டு எல்லாருக்கும் அரைநாள் சம்பளம்தான், அரைப்பேர்தான் என்று போட்டுவிட்டார், எனக்கும் உன் அம்மாவுக்கும் சேர்த்துத்தான். வீட்டுக்கு வந்து அம்மா சோற்றுப் பானையை இறக்கின சத்தமே போதும். எனக்கு அவமானமாய் இருந்தது. உன் கஷ்டம் அப்போதுதான் முழுதாய் விளங்கியது.

விளக்கு வைக்கிற நேரம் ராக்காயி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வாசலிலேயே நின்று, மறுபடி அப்புடி மேகம் வந்தா கூப்புடுவீங்களா கங்காணி என்று கேட்டாள். இன்றைக்குப் பட்டது போதாதா என்றேன். அவள் புருஷன் மூக்கன், நீ சின்ன வகுப்பில் படிக்கும்போது இடி விழுந்து செத்தானே, உனக்கு நினைவிருக்கும். அவனைத்தான் சொன்னாள். அன்னிக்கும் அஞ்சாம் நம்பர்தான், அவரு செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட மலைமேல நின்னாரு, வானம் கறுத்தத எல்லாரும் பாத்தாங்க, இறங்குங்கன்னு ஒருத்தரும் கூப்புடல. அரைப்பேரு போனா நாளைக்கு ஒழச்சி எடுத்துக்கலாம். நாங்க ஏசுறத ஏசத்தான் செய்வோம், நீங்க கூப்புடுறத நிறுத்திப்புடாதீங்க. இவ்வளவுதான் சொன்னாள், போய்விட்டாள். மூக்கன் செத்த அன்றைக்கு நானும் அந்த மலையில்தான் இருந்தேன் மகனே, நானும்தான் கூப்பிடவில்லை.

அதனால் சொல்கிறேன். கந்தப்பன் ஏசட்டும், கரையில் உயிரோடு நின்றுதானே ஏசுகிறார். நீ மட்டும் ஒன்று செய், வரும் என்று அடித்துச் சொல்லாதே, வரலாம் என்று சொல், அடுத்த தடவை மேகம் எழும்பும்போது அவரையே கூட்டிவந்து காட்டு, ஏன் பயப்படுகிறாய் என்று விளக்கிச் சொல். கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை நீயும் கேள், இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தால் குறைந்தா போய்விடும்? பத்துத் தடவை கொடி ஏற்றினால் எத்தனை தடவை சரியாய் வருகிறது என்று எனக்கும் எழுது, அறிய ஆசையாய் இருக்கிறது. இங்கே நானும் கூப்பிடத்தான் போகிறேன், கண்டாக்கையா என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும்.

ஆத்தாள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி, வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. முடிக்கிற நேரம் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதை எல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கொடிய ஏத்துன்னு எழுதிட்டீங்க, சரி, அந்தக் கொடிக்கம்பம்தானே அந்தக் கரையில ஆக உசரம், மின்னுற நேரத்துல அதுக்கடியில கயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது யாரு என்று கேட்டாள். ஊரையே கரைக்குக் கூப்புடுறவன, நீயும் உள்ளுக்கு வாடான்னு கூப்புட அங்க யாரு இருக்கா என்று கேட்டாள். இதற்குப் பதிலை அவளுக்கு நீயே எழுது.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அப்பா
ஆண்டியப்பன்