ஆறாவது ஆள்

போன வெள்ளிக்கிழமை, படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளின் மூன்றாவது வரியைப் படித்ததும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிரேசர் டவுனில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற நம் சின்னத் தியேட்டரில் வாராவாரம் ஒட்டுவார்களே, 'இந்த வாரம் ஓடும் படங்கள்' என்று, அதே தாள்தான். வழக்கம்போல நான் அட்டையும் பேனாவுமாக நின்று நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு படங்களையும் எழுதியாகிவிட்டது. மூன்றாவதை எழுதக் கை வரவில்லை. அலமாரிப் படம் திரும்ப வந்திருக்கிறது. செவ்வாய், வியாழன், இரண்டே காட்சி. மதியம் மூன்று மணி.

அந்த அட்டைகளை நீங்கள் எவ்வளவு கேலி செய்திருப்பீர்கள். முப்பது வருடம் ஆவணக் காப்பகத்தில் பழைய கோப்புகளுக்கு அட்டை எழுதியவனுக்கு வேறு என்ன தெரியும்? படம், மொழி, நேரம், கடைசியாக 'முடிவு' என்று ஒரு கட்டம். பார்த்த படத்தின் முடிவு ஒரே மாதத்தில் எனக்கு மறந்துவிடும் என்பதால் அந்தக் கட்டம். "ஏன் வாத்தியாரே, முடிவை எழுதி வச்சுக்கினு மேல போய் பரீட்சை எழுதப் போறியா?" என்பீர்கள். நான் எங்கேயும் பாடம் நடத்தியவன் அல்ல. கண்ணாடி போட்டு மெதுவாகப் பேசுகிறவன் எல்லாம் உங்களுக்கு வாத்தியார். உங்களுக்கு என்னைவிட மூன்று வயது கூட. "நீன்னே கூப்புடு, என்ன போச்சு" என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியும் எனக்கு அந்த 'நீ' வாயில் வரவே இல்லை. இந்தக் கடிதத்திலும் வரவில்லை.

அடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவர் நீங்கள். இந்தத் தியேட்டருக்குள் முதன்முதலாக மழைக்கு ஒதுங்கித்தான் வந்தீர்கள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சொல்றான் அவன்?" என்று என்னைக் கேட்டீர்கள். கீழே ஓடுகிற ஆங்கில எழுத்து உங்களுக்கு வேகமாக ஓடிவிடுகிறது. நான் பயந்து பயந்து காதோரமாகத் தமிழில் சொன்னேன். அன்று தொடங்கியது, ஆறு வருடம். எந்த நாட்டுப் படமானாலும் உங்களுக்கு அது என் குரலில்தான் வந்தது. நான் எதைச் சொன்னேனோ அதுதான் படம்.

அங்கே ஒரு விதி உண்டே, நினைவிருக்கிறதா? ஆறு பேர் இல்லாவிட்டால் படம் போடமாட்டார்கள். ஒருமுறை நான் யோசனை செய்து இரண்டு டிக்கெட் வாங்கினேன். டிக்கெட் கிழிப்பதும் புரொஜெக்டர் ஓட்டுவதும் எல்லாமே மஞ்சு ஒருவன்தான். அவன் தலையை ஆட்டினான். "டிக்கெட் கணக்கில்ல சார், தலைக்கணக்கு. காலி சேருக்கு ஓட்டக்கூடாதுன்னு ஓனர் ஆர்டர்."

ஆனால் நீங்கள் வந்த எந்தக் காட்சியும் நின்றதில்லை. ஒருநாள் நாம் ஐந்தே பேர். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனீர்கள். மூன்று நிமிடத்தில் ஓர் ஆட்டோக்காரரின் தோளில் கை போட்டபடி ஏறி வந்தீர்கள்.

"ஃபைட் இருக்குமா படத்துல?" என்றார் அவர்.

"உன் வூட்டுல இல்லாத ஃபைட்டா குரு? வா, ரெண்டு மணி நேரம் ஏசி. வெளிய வந்தா பஃப்ஸ்."

அவர் படம் முழுக்கக் குறட்டை விட்டார். வெளியே வந்து, "சூப்பர் படம் அண்ணா" என்று பஃப்ஸைக் கடித்தார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். "தூங்குனாலும் தலை தலைதான் வாத்தியாரே."

எனக்கு அந்த வித்தை கடைசிவரை வரவில்லை.

போன மழைக்காலத்தில்தான் அலமாரிப் படம் முதலில் வந்தது. மஞ்சள் தாளில் கதையை ஒரே வரியில் போட்டிருந்தார்கள். பல வருடமாகப் பேசிக்கொள்ளாத அண்ணனும் தம்பியும், இறந்துபோன அம்மாவின் அலமாரியை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். நான் அதை உங்களுக்கு வாசித்தேன். உங்கள் தம்பி விஷயம் எனக்குத் தெரியும் என்பதால் சட்டென்று அடுத்த வரிக்குப் போனேன். உங்கள் மகள் கல்யாணப் பத்திரிகையில், ஊருக்கு வெளியே அத்திபெலேயில் இருக்கும் தம்பியின் பெயர் விட்டுப்போயிற்று. அச்சகத்துக்காரன் விட்டது. ஆனால் அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்த்தவர் நீங்கள். தம்பி கல்யாணத்துக்கு வரவில்லை. நீங்களும் போய்க் கூப்பிடவில்லை. பதினொரு வருடம்.

அந்த வாரமே உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வியாழக்கிழமை கடைசிக் காட்சி. "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. எனக்கு அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்று அனுப்பினீர்கள்.

போனேன். என்னைச் சேர்த்து ஐந்தே பேர். மஞ்சு பத்து நிமிடம் தருவதாகச் சொன்னான். நான் இறங்கிப் போய் பேக்கரி வாசலில் நின்றேன். எதிரே நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரைக் கேட்பது, எந்த மொழியில் தொடங்குவது, என்ன நினைப்பார்கள் என்று வரிசையாக யோசித்துக்கொண்டே நின்றேன். மேலே தியேட்டர் விளக்கு அணைந்தது; காட்சி ரத்து.

ஆஸ்பத்திரிக்கு வந்தால், நான் ஸ்டூலை இழுத்து உட்காருவதற்குள், "அலமாரி போய்ச் சேர்ந்துச்சா?" என்று கேட்டீர்கள். உங்கள் முகம் அப்படி இருந்தது. படம் ஓடவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மழையைச் சேர்த்தேன். வண்டியைப் பாதி வழியில் நிறுத்தினேன். அண்ணன் முன்னாலும் தம்பி பின்னாலுமாக அலமாரியைத் தூக்கவைத்தேன். இருபது நிமிடம் சொல்லியிருப்பேன். நான் அவ்வளவு நேரம் பேசியது என் வாழ்க்கையிலேயே அன்றுதான்.

"கடைசியில பேசுனாங்களா?"

"பேசினார்கள்."

"யாரு மொதல்ல?"

"அண்ணன்தான். உச்சிக்குப் போனதும் அலமாரியை இறக்கி வைத்துவிட்டு, 'கை வலிக்குதாடா?' என்று கேட்டார்."

நீங்கள் மின்விசிறியைப் பார்த்தீர்கள். பிறகு சம்பந்தமில்லாமல், "எத்தினி பேரு வந்தாங்க?" என்றீர்கள்.

"ஆறு பேர்."

"ஆறாவது யாரு?"

"யாரோ... தெரியாத ஒருத்தர்."

நீங்கள் சிரித்தீர்கள். சத்தமில்லாத சிரிப்பு. அப்புறம் போனை எடுத்துத் தம்பிக்குப் பேசினீர்கள். அந்தப் பக்கம் எடுத்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "டேய், கை வலிக்குதாடா?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவர் சொன்னாராம். வெள்ளியும் சனியும் நீங்கள் வார்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு முறை அது திறக்கும்போதும் உங்கள் கழுத்து நிமிர்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த இரண்டு நாளும் என் பொய்யால் வந்தவை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் நீங்கள் போய்விட்டீர்கள். தம்பி பதினொரு மணிக்கு மாதுளம்பழப் பையோடு வந்தார்.

உங்கள் வீட்டு வாசலில், பந்தலுக்குக் கீழே, அவர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "சார், அண்ணன் போன்ல கை வலிக்குதான்னு கேட்டாரு. எனக்குக் கையில ஒண்ணுமே இல்லியே. ஏன் சார் அப்பிடிக் கேட்டாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். ஏதாவது ஞாபகம் வந்தால் கூப்பிடச் சொல்லி, என் போனை வாங்கித் தன் எண்ணைத் தானே போட்டுக் கொடுத்தார். நான் கூப்பிடவில்லை.

அதனால்தான் இந்த வாரம் அந்தப் படத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றிருந்தேன். படத்திலும் அண்ணன் முதலில் பேசினால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆகமாட்டேன், அவ்வளவுதான் என் ஆசை. என் மகள் போனில் தேடிப் பார்த்தாள். எல்லா இடத்திலும் பாதிக் கதைதான் இருக்கிறதாம். முடிவைச் சொல்வது குற்றமாம். செவ்வாய்க்கிழமை போனேன். நான்கு பேர். நேற்று வியாழக்கிழமை, ஐந்து பேர்.

"பத்து நிமிஷம் பாக்கலாம் சார்" என்றான் மஞ்சு. "அவுரு இருந்தா இன்னேரம் பேக்கரி ஓனரையே தூக்கினு வந்திருப்பாரு."

இந்த முறை முன்யோசனையோடு போயிருந்தேன். கேட்கவேண்டிய வாக்கியத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஆட்டோவில் சாய்ந்திருந்த ஒருவரிடம் கேட்டே விட்டேன்.

"இன்னா படம் சார்? நல்லாருக்குமா?"

"தெரியாது. நான் இன்னும் பார்க்கவில்லை."

"நீங்களே பாக்காத படத்துக்கு என்னைக் கூப்புடுறீங்களா?" என்று சிரித்தார். கோபமாக அல்ல. அதற்கு மேல் என்ன சொல்லவேண்டும் என்று என் அட்டையில் இல்லை.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று விளக்கத் தெரியவில்லை. போனை எடுத்து உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன். ஒரு படத்துக்கு வரமுடியுமா என்று கேட்டேன்.

"எப்போ சார்?"

"இப்போது. பத்து நிமிடத்தில்."

"நான் அத்திபெலேயில இருக்கேன் சார்" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "வர்றதுக்கே ரெண்டு மணி நேரம் ஆவும்."

வைத்துவிட்டிருக்கலாம். வைக்கவில்லை. கை வலி விஷயத்தைச் சொன்னேன். படம் ஓடாததை, நான் இட்டுக்கட்டியதை, எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சொன்னேன். பிறகு அவர் கேட்டார்: "நீங்க சொன்னதை அண்ணன் நம்பிட்டாரா?"

ஆம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஆறாவது யாரு? நான் தெருவில் இறங்கி ஓர் ஆளைக் கூப்பிட்டு வருகிறவன் அல்ல என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"இல்லை" என்றேன். "அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தெரிந்த பிறகுதான் உங்களைக் கூப்பிட்டார்."

"அப்போ கதைய நம்பி இல்ல, அவரா கேட்டதுதான்" என்றார் தம்பி. பிறகு, "நான் அன்னிக்குப் போன்ல, 'இல்லியே, ஏன்?'னு கேட்டுட்டேன் சார். 'வலிக்குதுண்ணா'ன்னு சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் அழுகிறாரோ என்று பயந்தேன். அவருக்கு என்ன சொல்லவேண்டும் என்று நீங்கள் இருந்தால் உங்களைக் கேட்டிருப்பேன்.

மஞ்சு சாவிக்கொத்தோடு இறங்கி வந்தான். "கான்சல் சார். நாளைக்கு வேற படம்." வெட்கத்தை விட்டு அவனிடமே கேட்டேன், அலமாரிப் படம் எப்படி முடிகிறது என்று. ஓனர் அவனை மற்ற ஊர்களுக்கும் படம் ஓட்ட அனுப்புவார்; அங்கே ஓட்டியிருப்பானே.

அவன் தலையைச் சொறிந்தான். "போன மாசம் மைசூர்ல நானேதான் சார் ஓட்டுனேன். ஆனா கடைசிப் பத்து நிமிஷம் எந்தப் படமும் நான் பாத்ததில்ல. கீழ வந்து கதவைத் திறக்கணுமே."

உங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. அதனாலேயே அதை முழுக்க நம்பப் பயமாகவும் இருக்கிறது. நீங்கள் வேறு எதற்கோ சிரித்திருக்கலாம்.

இன்று காலை, போன மழைக்காலத்தில் எழுதிவைத்த அலமாரிப் படத்தின் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'முடிவு' கட்டம் காலியாக இருந்தது. அதில், 'ஐந்து பேர். படம் ஓடவில்லை' என்று எழுதி, உலர்ந்ததும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று உங்கள் கட்டிலருகே வந்து நான் சொல்லியிருக்க வேண்டியது இந்த நான்கு சொற்களைத்தான். சொல்லியிருந்தால் நீங்கள் போனை எடுத்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.