என் வயிற்றுக் கிருமியின் பூர்வோத்திரம்

மார்ச் 3

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள். சாதாரண வயிற்றுப்போக்கு இல்லை இது. டாக்டரே மிரண்டுவிட்டார். வேறொருத்தன் என்றால் நேற்றே போய்ச் சேர்ந்திருப்பான். சோதனைக்கு மலம் எடுத்துப் போனார்கள். "ஊசிக்குக் கத்தாதீங்க அங்கிள்" என்றாள் நர்ஸ். கத்தினேனா? தொண்டையைச் செருமினேன்.

சுகாதார ஆபீஸ் அம்மா வந்து, போன வாரம் என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். வார்டே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது. கம்பெனிக்காரன் வெட்டிப் பெட்டியில் அடைத்து விற்கிற முலாம்பழத் துண்டு தின்று விழுந்தேன் என்றால் எவன் மதிப்பான்? "என் மச்சான் ஓட்டல்ல ஆறு முட்டை ஆம்லெட், ஒரு முழுக் கோழி" என்று எடுத்துவிட்டேன். மச்சானுக்கும் விளம்பரம். (அங்கே குடித்தது ஒரு டீ.)

மார்ச் 6

வீடு வந்தாயிற்று. மச்சான் கடையை மூடச் சொல்லிவிட்டார்களாம். கோழி, முட்டை, வெட்டுப்பலகை துடைத்த பஞ்சு — எல்லாம் சோதனைக்குப் போயிருக்கிறது. வீட்டுக்காரி தம்பிக்காக அழுகிறாள். "விளம்பரம் பண்ணீங்களே, நல்லாப் பரவிடுச்சு!"

நுணலும் தன் வாயால் கெடும். இங்கே வாய் என்னுடையது, கெட்டது மச்சான்.

மார்ச் 7

மச்சான் வந்தான். திட்டவில்லை. அதுதான் தாங்கலை. "இன்னும் ஒரு மாசம் மூடிக் கிடந்தா, அப்புறம் திறக்கவே வேணாம் மாமா" என்றான், அவ்வளவுதான்.

ஊர் சிரிக்குமே? சிரிச்சுட்டுப் போகட்டும். அந்த அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"கோழி இல்லம்மா. முட்டையும் இல்ல. முலாம்பழம்."

"அன்னைக்கு ஆறு முட்டை. இன்னைக்கு முலாம்பழம். நாளைக்கு என்ன சார்?"

நம்பவில்லை. என் பேச்சை நானே நம்பமாட்டேன், அவரை என்ன சொல்ல? கடைசியில் கேட்டார்: "மிச்சம் இருக்கா?"

பாதிப் பெட்டி ஃபிரிட்ஜில் இருந்தது. எதையும் வீசாத பெண்டாட்டி வாய்த்ததற்கு முதல்முறையாக மகிழ்ந்தேன்.

மார்ச் 8

பெட்டியை வாங்கிப் போனார்கள். இனி அந்தக் கிருமி பேசினால்தான் உண்டு.

மார்ச் 12

ஒன்றும் தெரியவில்லை. தூக்கமும் இல்லை.

மார்ச் 20

பேசிவிட்டது!

கிருமிக்கும் மரபணு உண்டாம். நாலே எழுத்தை மாற்றி மாற்றி லட்சக்கணக்கில் எழுதிய வரிசை. என் வயிற்றில் எடுத்தது, பெட்டியில் எடுத்தது, வேறு ஊர்களில் என்னைப் போலவே வயிற்றுப்போக்கில் படுத்தவர்களிடம் எடுத்தது — அத்தனையையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு எழுத்துக்கு மேல் மாறவே இல்லையாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! மற்றவர்கள் யாரும் மச்சான் கடை வாசலை மிதித்ததில்லை. தின்றது எல்லாம் அதே கம்பெனிப் பழம்.

வேடிக்கை என்னவென்றால், மச்சானின் பச்சைக் கோழியிலும் அதே பெயருள்ள கிருமி இருந்ததாம். "பேருதான் ஒண்ணு சார். உங்க கிருமிக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்றார் அந்த அம்மா. பச்சைக் கோழியில் அது சகஜமாம். நன்றாக வேகவைத்தால் செத்துவிடுமாம். பெயரை மட்டும் பார்த்திருந்தால் மச்சான் கதை முடிந்திருக்கும்.

பழத்தை எல்லாக் கடையிலிருந்தும் திரும்ப எடுக்கிறார்கள். நான் அப்போதே சொன்னேன், என் வயிறு சாதாரண வயிறு இல்லை.

மார்ச் 24

கடை திறந்தாயிற்று. முதல் ஆள் நான். காலையில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லோரும் எதிர்ப்பக்கம் நின்று வேடிக்கை. மச்சான் வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தான்: "உங்க இஷ்டத்துக்கு அளந்துவிடுங்க மாமா. ஆபீஸ்காரங்க வந்தா மட்டும் தயவுபண்ணி வாயை மூடிக்கோங்க."

அளந்தேன். நாலைந்து பேர் நெருங்கி வந்தார்கள். உள்ளே போகத்தான் தயக்கம்.

மதியம் அந்த அம்மாவே வந்தார். சோதிக்க இல்லை, சாப்பிட. எல்லோரும் பார்க்க உட்கார்ந்து கோழிக்குச் சொன்னார். அவர் பின்னாலேயே ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

நான் வாயே திறக்கவில்லை.