நாலு மணிக்கு ரெண்டு இஸ்பேட்

வே,

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நீர் ரெண்டு இஸ்பேட் கூவினீர். செத்து எட்டு மாதம் ஆன ஆள் கூவினால் எதிரில் இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று கொஞ்சமாவது யோசித்தீரா? அச்சாபீஸில் நான் ஒருத்தன்தான் இருந்தேன். தீப்பெட்டி லேபிள் அடிக்கிற மிஷினை நிறுத்தி அரை மணி ஆகியிருந்தது. கையிலிருந்த டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

சீட்டாட்டக் கிளப்பை மூடிய பிறகு நாம் அதில்தானே பிரிட்ஜ் விளையாடிக்கொண்டிருந்தோம். ஜோடி வராத நாளில் அவர் இடத்தில் இயந்திரம் உட்கார்ந்து ஆடும், பெயர் மட்டும் மாறாது. உம் பெயரை எடுத்துவிடச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கை வரவில்லை. எட்டு மாதமாக உம் பெயருக்குக் கீழே இயந்திரம் ஆடியது, நானும் சரி போகட்டும் என்று ஆடினேன். அது புத்தகப்படி ஏலம் கேட்கும். கண் மூடித் திறப்பதற்குள் கேட்டுவிடும். மோசமான சீட்டை வைத்துக்கொண்டு ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

அன்றைக்கு அது தாமதித்தது. நீர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்ப மாட்டுகிற நேரம் இருக்கும். அப்புறம்தான் ரெண்டு இஸ்பேட் வந்தது. நான் பாஸ் சொன்னேன். ஆட்டம் முடிந்து சீட்டைத் திறந்து காட்டியது. இஸ்பேட் ஆறு, அதில் பெரிய சீட்டே ஜாக்கிதான். மற்றதெல்லாம் குப்பை. இந்தச் சீட்டில் வாயைத் திறக்கிற திமிர் கோவில்பட்டியில் ஒருத்தருக்குத்தான் இருந்தது. புதன்கிழமையும் அதே நேரம், அதே தாமதம், அதே ரெண்டு இஸ்பேட். வியாழக்கிழமையும் அப்படியே. மூன்று நாளும் நான் பாஸ் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது. வேனலில் அந்த வெடிப்புக்குள் கல்லைப் போட்டால் விழுந்த சத்தம் வராது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஆட்டம் தெரியாத யாராவது இதைப் படித்தால் விழிக்கக் கூடாது, அதனால் சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜில் ரெண்டு ரெண்டு பேர் ஜோடி. கையில் என்ன இருக்கிறது என்று ஜோடிக்கு ஏலத்தில்தான் சொல்ல வேண்டும். கண்ணைக் காட்டக் கூடாது, இருமக் கூடாது. கையில் ஒரே இனம் நீளமாக இருந்து மற்றதெல்லாம் சொத்தையாக இருந்தால், எதிராளி நிதானமாகப் பேசுவதற்கு முன்னாலேயே ஒசரமாக ஒரு ஏலத்தைக் கூவி வழியை அடைப்பார்கள். அதற்கு நீர் வைத்த பேர் முந்திக்கூவல். அப்படிக் கூவியவர் அதற்கு மேல் தானாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லியாயிற்று, இனி எதிரில் இருப்பவர் பொறுப்பு. அவர் விடலாம், ஏற்றலாம். 'வேறென்ன வைத்திருக்கிறீர்' என்று கேட்க வேண்டுமானால் ரெண்டு நோ ட்ரம்ப் என்று சொல்லிக் கேட்கலாம். கேட்டால் கூவியவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இதை நீர் ஒழுங்காகச் செய்தீர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட முந்திக் கூவிவிட்டு மறுபடி வாயைத் திறந்ததில்லை. மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஆள் அல்லவா, ஒயரைத் தொட்டுவிட்டு மறுபடி தொட மாட்டீர். சொதப்பியது முழுக்க நான்தான். திருநெல்வேலிப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? நீர் ரெண்டு இஸ்பேட் கூவினீர், என் கையில் ராஜா ராணியெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்டால் உம் வாயைக் கிளறுவதாகுமோ என்று பாஸ் சொல்லித் தொலைத்தேன். கோப்பை போயிற்று. மாடிப்படியில் நின்று கத்தினீர்.

"முந்திக் கூவுனவந்தாம்வே வாய மூடணும். நீரு எதுக்கு மூடுதீரு? நீரு கேளும். கேட்டா நான் சொல்லாம இருக்க முடியுமா?"

சரி சரி என்று தலையை ஆட்டினேன். மண்டையில் ஏறவில்லை.

கழுகுமலைக் கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினோமே, அந்த மத்தியானம். உம் வீட்டம்மா மகளின் பேறுகாலத்துக்கென்று தூத்துக்குடி போய் மூன்று நாள் ஆகியிருந்தது. நீர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெறுமையாகக் கிடந்த பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தீர். முகத்தைத் திருப்பாமல் சொன்னீர்.

"நெஞ்சு மாத்திரைய நிறுத்திட்டேம்வே. ஒரு மாசமாச்சு."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார், இனிக் கிளறக் கூடாது என்று இருந்தேன். மடப்பயல். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றோம். உம் தெருவுக்குப் போகிற டவுன் பஸ் வந்தது, நீர் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, அதிலும் ஏறவில்லை. என் பக்கத்திலேயே நின்றீர். நான் காகித விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பஸ்ஸில் ஏறிப் போனீர். ஆறாம் நாள் காலையில் பல் விளக்கப் போன இடத்தில் விழுந்தீர்.

நீர் போன அன்றைக்கே, ஓடி வந்த உம் வீட்டம்மா அலமாரியில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்தாள். தினமும் எடுத்துக் கையில் கொடுக்கிறவள் தான்தானே, தான் தூத்துக்குடி போனதால்தான் நீர் சாப்பிடாமல் விட்டீர் என்று முடிவு கட்டிவிட்டாள். அவள் ஊரில் இருக்கும்போதே மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏமாற்றியிருக்கிறீர் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு மகள் வீட்டுக்கு அவள் போகவே இல்லை. பேரப்பிள்ளை கவிழ்ந்தது, உட்கார்ந்தது, தவழ்ந்தது. மகள் தூக்கிக்கொண்டு வந்தாலும் தொட மாட்டாள். "இந்தப் பிள்ளையப் பாக்கப் போய்த்தான அவியள வாரிக் குடுத்தேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாளாம். மகள் என்னிடம் போனில் சொல்லி அழுதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. எட்டு மாதம் வே.

நேற்று வெள்ளிக்கிழமை. நாலு மணி. அதே தாமதம், ரெண்டு இஸ்பேட். இந்தத் தடவை ரெண்டு நோ ட்ரம்ப் என்று அழுத்திவிட்டேன். வேறென்ன வைத்திருக்கிறீர்? பதில் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூணு இஸ்பேட் என்று வந்தது. நம் பேச்சுப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான். என்னிடம் வேறொன்றும் இல்லை, இனி உம் பாடு.

இயந்திரம்தான் வே. எனக்குத் தெரியாதா? இருந்தாலும் டேப்லெட்டை மூடி வைத்தேன். மேல்சட்டையை மாட்டிக்கொண்டு நேராக உம் வீட்டுக்குப் போனேன்.

அவள் உளுந்தைச் சுளகில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். "தங்கச்சி, அவரு மாத்திரைய நிறுத்துனது நீங்க தூத்துக்குடி போனதுக்கு அப்புறம் இல்ல. அதுக்கு ஒரு மாசம் முந்தியே. எங்கிட்ட சொன்னாரு."

பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"எப்ப சொன்னாவ?"

"கழுகுமலை கல்யாணத்துக்குப் போயிட்டு வாரப்ப."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"அடக்கத்தன்னைக்கு நான் தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன்லா, நாந்தான் கொன்னுட்டேன்னு. அப்ப எங்கன நின்னீங்க?"

"வாசல்ல."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. சுளகை ஓரமாக வைத்தாள். உள்ளே பீரோ திறக்கிற சத்தமும் சாத்துகிற சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் சேலை மாற்றி, ஒரு பையோடு வந்தாள். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தாள். பையை வாங்கக் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை. தெருவில் போன ஆட்டோவை நிறுத்தித் தூத்துக்குடி பஸ் ஏறணும் என்றாள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"இனி இந்த வாசல்ல வந்து நிக்காதீங்க அண்ணாச்சி."

ராத்திரி உம் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது போல. 'அம்மா வந்துட்டாங்க மாமா' என்று மட்டும் எழுதியிருந்தாள். உம் வீட்டம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பிள்ளை வாயைத் திறந்து தூங்குகிறது. அவள் ஒரு கையால் அதன் காலைப் பிடித்திருக்கிறாள்.

அவள் பாரத்தை இறக்கி வைத்துவிட்டாள். அவளுடைய முற்றத்தில் இனி எனக்கு இடமில்லை, அது நியாயம்தான். எனக்கு வேறொன்று இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நீர் ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டியது. காலையில் எழுந்தால் முதலில் அதுதான் வருகிறது. பதில் வராது என்று தெரிந்தே இப்போது கேட்கிறேன்.

ஏம்வே நிறுத்தினீரு?