ஊற்று நின்ற மலை

அன்புள்ள செல்வப்பிரியா டீச்சருக்கு, பீர்மேட்டு மழைக்குள்ளிருந்து உங்கள் ரசிகை இந்து வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் சானலில் ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் ஆளாக லைக் போடுகிறவள் நான்தான்! கமெண்டில் எழுதினால் எப்போது பார்ப்பீர்களோ என்று மெயில் அனுப்புகிறேன். பத்தாம் வகுப்போடு நின்ற நான் மண், பாறை, மழை எல்லாம் உங்களைப் பார்த்தே படித்தேன். சனிக்கிழமைகளில் எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அதையே நடத்துகிறேன். சித்தூர் பள்ளியில் நீங்கள் தட்டில் மண்மேடு கட்டி, தண்ணீர் ஊற்றிச் சரிய வைத்தீர்களே, அதைச் செய்து காட்டியபோது பிள்ளைகள் ஒரே கைதட்டல்.

இன்று விளையாட்டில்லை, டீச்சர். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மழைக்காலம் முழுக்க ஓடி அடுப்படிகளை நனைக்கும் ஊற்று, நேற்று கொட்டுகிற மழையிலேயே நின்றுவிட்டது. லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். "இந்த வருசந்தான் அடுப்படி காஞ்சு கெடக்கு" என்கிறாள் அம்மா. மழையில் ஊற்று நின்றால் தண்ணீர் மலைக்குள்ளே அடைபட்டிருக்கலாம், உடனே இடம் மாறுங்கள் என்று நீங்கள் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "ஏத்தா, போனைப் பாத்து மலைக்கு வைத்தியம் பாக்குறியாக்கும்? நான் பொறந்ததே இந்த லயத்துலதான்" என்று சிரித்தார். வில்லேஜ் ஆபீசில் நாளைக்கு வந்து பார்க்கிறார்களாம். மதியம் போய்ப் பார்த்தேன், லயத்துக்கு மேலே தரையில் கை நுழைகிற அளவு விரிசல்.

அதனால் ஒரு பொய் சொல்லிவிட்டேன். சித்தூர் டீச்சர் இன்று நமக்காக லைவில் வருகிறார் என்று சொல்லி, லயத்துப் பிள்ளைகளை எல்லாம் எதிர் மேட்டில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்துவிட்டேன். என் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். "அக்கா, டீச்சர் இன்னும் தலை சீவிக்கிட்டா இருக்காக?" என்று அருண்பாண்டி நச்சரிக்கிறான்.

இருட்டியதும் பெற்றவர்கள் வந்து பிள்ளைகளைத் திரும்ப லயத்துக்கே கூட்டிப்போவார்கள். நான் தடுத்தால் கேட்க மாட்டார்கள். நீங்கள் பேசினால் நிற்பார்கள். அப்பாவே உங்கள் வீடியோ ஓடினால் டீ ஆறுவது தெரியாமல் பார்ப்பார்.

லிங்க் கீழே இருக்கிறது. நெட் போவதற்குள் வந்துவிடுங்கள். பாடத்தை நீட்டிக்கொண்டே போங்கள். வாசலில் குடையோடு ஒருவர் தயங்கி நின்றால் அது என் அப்பா, பிச்சைமணி. பேர் சொல்லி உள்ளே உட்கார வையுங்கள். அம்மா வரவில்லையா என்றும் கேட்டுவிடுங்கள், நீங்கள் கேட்டால் போன் போட்டு வரவழைப்பார்.

நாளைக்கு லயமே கூடி என்னைக் கேலி செய்யட்டும், டீச்சர். கேலி செய்ய எல்லோரும் இருக்க வேண்டும்.

வாசலைப் பார்த்தபடி,
இந்து